புறப்படுகிறவரிடம் கேட்கக் கூடாதது

விமானத்தில் போகிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை. அவர்களுடைய பொதிகளைத்தான் கண்டிருக்கிறேன். தில்லைமுனை விமான நிலையத்தில் எனக்கு நாட்டாமை வேலை. ரப்பர் திரைக்குப் பின்னால் நின்று பொதி தூக்குவது. முன்பக்கத்தில் பயணி தன் பொதியைத் தராசில் வைப்பார். அது பட்டியில் ஊர்ந்து, திரையைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வரும். நான் தூக்கி வண்டியில் அடுக்குவேன். மார்கழி விடுமுறையில் அந்தப் பட்டி நிற்பதே இல்லை. கனடாவுக்குத் திரும்பும் பொதியில் கருவாட்டு வாசம் வரும். உம்றாவுக்கென்று மக்கா போகிற பொதி பாரமில்லாமல் வரும். முதன்முதலாக வெளிநாட்டு வேலைக்குப் போகிற பிள்ளையின் பொதியைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள். பூட்டை நம்ப மாட்டார்கள்.

அந்தக் கிழமை எங்கள் வீட்டிலும் கயிறு கட்டிய பொதியொன்று இருந்தது. என் மகள் சிவானுஜா வியாழக்கிழமை பின்னேர விமானத்தில் கட்டாருக்குப் போக வேண்டும். அங்கே ஆஸ்பத்திரியொன்றில் நோயாளிகளைப் பராமரிக்கும் வேலை கிடைத்திருந்தது. விசா வியாழனோடு முடிகிறது. அந்த விமானத்தைத் தவறவிட்டால் விசாவும் இல்லை, வேலையும் இல்லை.

என் மனைவி புஸ்பம் கட்டாரை நம்பினாள். விமானத்தையும் நம்பினாள். விமான நிலையத்தைத்தான் நம்பவில்லை.

“அங்க கேக்கிறாங்களாமே,” என்றாள், செவ்வாய்க்கிழமை நான் வேலைக்கு வெளிக்கிடும்போது.

“என்னத்த?”

“அதத்தான். புள்ளையிட்ட கேக்கப்படாது. நீங்க ஒருக்காச் சொல்லி வைங்க.”

“நான் பொதி தூக்கிறவன். என்ர பேச்ச அங்க ஆரு கேக்கிற?”

“சொந்தப் புள்ளைக்கு ஒண்டு செய்ய ஏலாட்டி மறுகா என்னத்துக்கு அங்க வேலை?”

‘அது’ என்னவென்று சொல்ல வேண்டும். வாகரையிலிருந்து தேற்றாத்தீவு வரைக்கும் எங்கள் பக்கத்தில், பயணம் புறப்பட்டவரைப் பின்னாலிருந்து கூப்பிட மாட்டோம். எங்கே போகிறீர்கள் என்று கேட்கவும் மாட்டோம். அறிய ஆசையாக இருந்தால் ‘தூரமோ?’ என்று கேட்கலாம். ‘ஓம், கொஞ்சம் தூரம்தான்’ என்பார். அத்தோடு விட்டுவிட வேண்டும். யாராவது மறதியாகக் கேட்டுவிட்டால், புறப்பட்டவர் திரும்பி வந்து, சற்றுக் குந்தியிருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுப் புதிதாகப் புறப்பட வேண்டும்.

புஸ்பத்துக்கு அதில் இன்னொரு காரணமும் உண்டு. சண்டைக் காலத்தில் அவளுடைய தம்பி உரம் வாங்கச் சைக்கிளில் செங்கலடிக்குப் போனான். வீதித் தடையில் நிறுத்தி, ‘எங்கே போகிறாய்?’ என்று கேட்டார்கள். ‘செங்கலடிக்கு’ என்று அவன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். பின்னால் வந்தவர்கள் காதால் கேட்டிருக்கிறார்கள். அவன் இன்னும் வரவில்லை.

விமான நிலையத்தில் இந்தக் கேள்வியைக் கொண்டுவந்தவர் பணிப்பாளர் பாலசுந்தரம். கொழும்பிலிருந்து வந்தவர். பனி பெய்கிற தேசமொன்றுக்குப் போய், ஆட்களின் நடத்தையை நோக்குவது எப்படி என்று படித்துவிட்டு வந்திருந்தார். அந்தத் திங்கட்கிழமை காலையில் கூட்டுகிறவர், பொதி தூக்குகிறவர் எல்லோரையும் மண்டபத்தில் நிறுத்தி வைத்துப் பேசினார்.

“சந்தேகம் என்பது ஒரு சேவை,” என்றார். “நாங்கள் சந்தேகப்படாத பயணி, தன்னை யாரும் பொருட்படுத்தவில்லையே என்று மனம் வருந்துவார். கேள்வி கேட்டால் குற்றம் செய்தவன் பதறுவான். குற்றம் செய்யாதவன் அதைவிடப் பதறுவான். ஆகவே பதறுகிற எல்லோரையும் தடுத்துவிட்டால், குற்றவாளி எப்படியும் அதற்குள் இருப்பான். என் வீட்டிலும் நான் இதையே கடைப்பிடிக்கிறேன். பல வருடங்களாக என் மனைவி என்னோடு எதையும் பேசுவதில்லை. எங்கள் வீட்டில் இதுவரை ஒரு சம்பவமும் நடக்கவில்லை.”

நாங்கள் கைதட்டினோம். கைதட்டாதவர்களுடைய பெயரை ஒருவர் எழுதிக்கொண்டு நின்றார். அளவுக்கு மிஞ்சிக் கைதட்டியவர்களுடைய பெயரை இன்னொருவர் எழுதினார்.

முறை இதுதான். பயணி வாசலைக் கடந்து கொஞ்சம் நடந்ததும், தூணுக்குப் பின்னால் மறைந்து நிற்கும் அலுவலர் வெளியே வந்து, முதுகுப் பக்கமாக நின்று, ‘எங்கே போகிறீர்கள்?’ என்று திடீரெனக் கேட்க வேண்டும். முகம் பொய் சொல்லுமாம். முதுகுக்குப் பொய் சொல்லத் தெரியாதாம்.

முதலில் அகப்பட்டது பழுகாமத்துச் சின்னத்தங்கம். மருமகளுக்குப் பேறுகாலம் என்று லண்டனுக்குப் போகிறவ. வழியனுப்ப உள்ளே வந்த குடும்பமும் கூட. பின்னாலிருந்து கேள்வி வந்ததும் நின்றா. பதில் சொல்லவில்லை.

“பாழாப் போவான், கேட்டுப்போட்டான்,” என்று மகளிடம் சொன்னா. “திருப்புகா பொதி வண்டிய.”

குடும்பமே திரும்பியது. வெளியே போய்ப் பூம்பாத்தி விளிம்பில் வரிசையாகக் குந்தினார்கள். தண்ணீர்ப் போத்தல் கைமாறியது. ஆளுக்கொரு மிடறு. பிறகு சின்னத்தங்கம் எழும்பிச் சேலையை உதறி, வலது காலை வைத்து உள்ளே வந்தா. அலுவலர் விதிப்படி தூணுக்குப் பின்னாலிருந்து மறுபடியும் கேட்டார். குடும்பம் மறுபடியும் திரும்பியது.

அலுவலர் எழுதிக் கொடுத்த அறிக்கையை ஏறாவூர் இன்ஷிரா மிஸ் எனக்கு வாசித்துக் காட்டினா. கணினியில் இருக்கிறவ, நல்ல பிள்ளை. ‘கேள்வியைக் கேட்டதும் சந்தேக நபர் தப்பியோட முயன்றார். கூட்டாளிகளுடன் ஒதுக்குப்புறமாக அமர்ந்து திரவம் உட்கொண்டார். மீண்டும் ஊடுருவ முயன்றார்.’ மத்தியானத்துக்குள் வந்த எல்லா அறிக்கையும் இதேதான். உள்ளே வருகிறவர்களைவிட வெளியே போகிறவர்கள் கூடிவிட்டார்கள். முச்சக்கர வண்டிக்காரர்கள் விமானம் வந்துவிட்டது என்று நினைத்துப் பொதிகளைப் பிடித்து இழுத்தார்கள். பின்னால் என் பட்டி வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. ஆளில்லாமல் ஓடுகிற பட்டியைப் பார்த்தாலே எனக்கு நல்லதாகப் படாது.

பின்னேரம் அவசரக் கூட்டம். மேசை தூக்கிப் போட என்னைக் கூப்பிட்டார்கள்.

“வாகரைக்காரருக்குத் தேற்றாத்தீவுக்காரரைத் தெரியாது,” என்றார் பணிப்பாளர். “ஆனால் எல்லோரும் ஒரே ஒழுங்கில் செய்கிறார்கள். திரும்புதல், அமர்தல், அருந்துதல். இது பயிற்சி. இவர்களைப் பயிற்றுவிப்பது யார்?”

நான் மறதியாக வாயைத் திறந்துவிட்டேன். “தாய்மார் சேர்.”

“எந்த அமைப்பின் தாய்மார்?”

“எல்லாரும்தான் சேர்.”

அவருடைய முகம் வெளுத்துப் போயிற்று. அவர் நினைத்திருந்ததைவிடப் பெரிய அமைப்பு.

நடவடிக்கை உடனே தொடங்கியது. முதலில் ஆட்கள் குந்துகிற வாங்குகளை அகற்றினார்கள். பயணிகள் தங்கள் சூட்கேஸ்களின் மேல் இருந்தார்கள். போத்தல் தண்ணீரைத் தடுத்தார்கள். பயணிகள் கழிப்பறைக் குழாயில் கை ஏந்திக் குடித்தார்கள். குழாய்களைப் பூட்டினார்கள். மாரி மழை கொட்டிக்கொண்டிருந்த காலம். கூரைத் தண்ணீர் விழுகிற பீலிக்குக் கீழே வரிசையாக நின்று வாயைத் திறந்தார்கள். மழையைத் தடுக்கப் பணிப்பாளருக்கு அதிகாரம் இருக்கவில்லை. மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

செவ்வாய்க்கிழமை காத்தான்குடிச் சரீப் ஹாஜியார் வந்தார். புடவைக் கடைக்காரர், உம்றாவுக்குப் போகிறவர். வெளியே போய்க் குந்தாமல் நின்று பதில் சொன்ன முதல் ஆள் அவர்தான். அதனால் பணிப்பாளரே நேரில் வந்தார்.

“இன்ஷா அல்லாஹ், மக்காவுக்கு,” என்றார் ஹாஜியார்.

“அல்லாஹ் நாடினால் என்றுதானே அதற்கு அர்த்தம். அப்படியானால் பயணம் இன்னும் முடிவாகவில்லை.”

“முடிவு நம்மட கையில இல்லையே மகன்.”

“அந்த நாட்டம் கிடைத்ததற்கு என்ன அத்தாட்சி வைத்திருக்கிறீர்கள்?”

ஹாஜியார் அவரை அன்பாகப் பார்த்தார். “அதக் கேக்கத்தான் மகன் அங்க போறன்,” என்றார்.

அவரைத் தடுத்து வைத்தார்கள். இன்ஷிரா மிஸ் பாய் விரித்துக் கொடுத்தா. ஹாஜியார் தொழுதுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். அவ்வளவு நிம்மதி சந்தேகத்துக்குரியது என்று அதற்கும் ஓர் அறிக்கை எழுதினார்கள். அடுத்த நாள்தான் விட்டார்கள்.

புதன்கிழமை கேள்வி அலுவலர் மாற்றம் கேட்டார். வாகரைக் கிழவர் ஒருவர் அவரை மேலும் கீழும் பார்த்து, “உன்னட்டயும் ஒரு நாளைக்கு ஆராச்சும் கேப்பாங்க தம்பி,” என்று சொல்லிவிட்டுப் போனாராம். அன்றிலிருந்து வாசலுக்குப் போகும்போதெல்லாம் பின்னால் திரும்பிப் பார்க்கிறாராம். மட்டக்களப்பார் மந்திரம் செய்து வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று அவருக்கு ஊரில் யாரோ சொல்லியும் விட்டிருந்தார்கள். கதிரையை விட்டு எழும்பும்போது, தான் ஒட்டிக்கொள்ளவில்லை என்பதை இரண்டு தரம் பார்த்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு பணிப்பாளர் என்னை அறைக்குள் அழைத்தார். கதிரை தந்தார். பால் தேத்தண்ணியும் தந்தார். அப்போதே எனக்குச் சந்தேகம். நிலையம் திறந்த நாளிலிருந்து எனக்கு யாரும் அங்கே கதிரை தந்ததில்லை.

“நீர் இந்த ஊர்,” என்றார். “தாய்மாரையும் தெரியும் என்று சொன்னீர். நாளையிலிருந்து நீர்தான் கேள்வி கேட்பீர்.”

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் யோசனை வந்தது: வாசலில் நான் நின்றால், என் மகளிடம் வேறு யாரும் கேட்க முடியாது. சரி சேர் என்றேன். முன்னவர் விட்டுவிட்டுப் போன கோட்டைத் தந்தார்கள். கோட்டுக் கை என் விரல் நுனி வரைக்கும் தொங்கியது.

வீட்டில் புஸ்பத்துக்கு அன்றுதான் நான் மனிதனாகத் தெரிந்தேன். “அப்ப வாசல்ல நீங்கதான் நிப்பீங்க,” என்று சொல்லி, பொரித்த இறாலில் எனக்கு இன்னும் ரெண்டு வைத்தாள்.

வியாழன் காலை விமானத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நான் தூணுக்குப் பின்னால் நிற்கவில்லை. முன்னால் போய் நின்று, “தூரமோ?” என்று கேட்டேன்.

“ஓம் அண்ணன், தூரம்தான். போயிட்டு வாறம்.”

“நல்லாப் போயிட்டு வாங்க.”

சனம் வாய்க்கால் திறந்த தண்ணீர் மாதிரி உள்ளே போயிற்று. யாரும் திரும்பவில்லை, குந்தவில்லை, மழைக்குள் வாய் திறக்கவில்லை. பின்னால் பட்டியில் பொதிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. இவ்வளவு சுகமாக நடக்கிற காரியத்தை இங்கே யாராவது சும்மா விடுவார்களா என்று யோசித்தேன்.

விடவில்லை. விமானப் படியில் ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கும்போது பணிப்பாளர் வாசலில் பதிவான பேச்சைக் கேட்டுவிட்டு ஓடி வந்தார். கையில் உலகப் படம்.

“தூரம் என்றொரு நாடு இதில் இல்லை,” என்றார். “இன்று காலையில் மட்டும் ஒரு விமானம் நிறைய ஆட்கள் அங்கே போக முயன்றிருக்கிறார்கள். அங்கே என்ன நடக்கிறது?”

நான் விளங்கப்படுத்தினேன். விளங்கப்படுத்த விளங்கப்படுத்த அவருடைய கண் சுருங்கிக்கொண்டே போயிற்று. பிறகு ஒலிபெருக்கி சொன்னது: ‘தூரம் என்னும் நாட்டுக்குச் செல்லும் பயணிகள் அனைவரும் உடனடியாகத் திரும்பவும்.’

படியில் கால் வைத்தவர்களை முதுகுக்குப் பின்னால், அதுவும் ஒலிபெருக்கியில் கூப்பிட்டால் என்ன நடக்கும். அவ்வளவு பேரும் இறங்கி, விமானத்தின் செட்டைக்குக் கீழே மழைக்கு ஒதுங்கிக் குந்தினார்கள். ஓடுபாதையில் தண்ணீர் தேடினார்கள். விமானி கண்ணாடிக்குள்ளால் எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்தார். அந்த விமானம் மத்தியானம் கழிந்துதான் போனது.

என்னை வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்று நினைத்தேன். பணிப்பாளர் அப்படிச் செய்யவில்லை. பிழை மனிதனில் இல்லை, மனிதனை நம்பியதில்தான் என்றார். அன்றைக்கே வாசலில் ஒரு பெட்டியைப் பொருத்தினார்கள். பெட்டிக்கு ஒலிவாங்கி உண்டு, ஒரு விளக்கு உண்டு. ‘எங்கே போகிறீர்கள்’ என்ற கேள்வியும் அதற்கு ஒரு பதிலும் காதில் விழுந்தால் விளக்கு பச்சையாகும், தடைக்கம்பு எழும்பும். வேறு எதைச் சொன்னாலும் சிவப்பு. எழுத்துத் தமிழ், பேச்சுத் தமிழ் இரண்டும் அதற்குத் தெரியுமாம். நான் பரிசோதனைக்குத் ‘தூரமோ’ என்று கேட்டுப் பார்த்தேன். சிவப்பு.

“பெட்டி ஒருபோதும் பிழை விடாது,” என்றார் பணிப்பாளர். “இனி நான் சொல்வதையும் நீங்கள் நம்பத் தேவையில்லை. பெட்டி சொல்வதுதான் முடிவு.”

பின்னேர விமானத்துக்கு வாசல் திறந்தபோது, வரிசையில் முதலாவதாக நின்றது என் மகள். அப்பா நிக்கிறார், பயமில்ல, முன்னுக்குப் போ என்று புஸ்பம் இடித்துக்கொண்டு கொண்டுவந்து விட்டிருக்கிறாள். புஸ்பம் கண்ணாடிக்கு வெளியே, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பெட்டியைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். எனக்குப் பின்னால் பணிப்பாளர் நின்றார். அவருக்குப் பின்னால் கமரா. சிவானுஜா வாசலைக் கடந்து நடந்து, தடைக்கம்புக்கு முன்னால் நின்றாள். அவளுடைய முதுகு எனக்குத் தெரிந்தது. புதுச் சட்டை. புஸ்பம் இழுத்துப் பின்னிவிட்ட பின்னல்.

“கேளும்,” என்றார் பணிப்பாளர்.

தொங்கிய கோட்டுக் கையைச் சுருட்டிவிட்டேன். கேட்டால் ஒரு பயம். கேட்காவிட்டால் விசா போகிறது. சைக்கிளில் போன மைத்துனனின் முகம் வந்தது. அவனும் சரியான பதில்தான் சொன்னான்.

“கேளும். அல்லது இந்தப் பயணி நிராகரிக்கப்படுவார். பின்னால் வரிசை காத்திருக்கிறது.”

சத்தம் கேட்டு அவள் திரும்பினாள். என்னையும் கோட்டையும் பார்த்தாள்.

“என்னப்பா, ஆர்ர கோட்டு இது?”

பெட்டி சிவந்தது.

அவள் விளக்கைப் பார்த்தாள். பெட்டியில் எழுதி ஒட்டியிருந்த அறிவித்தலை வாசித்தாள். கண்ணாடிக்கு வெளியே தாயைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அதில் என்ன இருந்ததோ எனக்குத் தெரியாது. கைப்பையைக் கீழே வைத்தாள். வேலியடியில் நின்று கதை கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

“நீங்க எங்க போறீங்க அப்பா?”

யோசிக்க முன்னமே வாயில் வந்துவிட்டது. “நான் எங்கயும் போகல்ல புள்ள. இஞ்சதான் நிப்பன்.”

விளக்கு பச்சையானது. தடைக்கம்பு எழும்பியது.

“போயிட்டு வாறன் அப்பா,” என்றாள். கைப்பையை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பணிப்பாளர் பெட்டியை ஒருமுறை தட்டிப் பார்த்தார். பச்சை பச்சையாகத்தான் இருந்தது. பதிவைத் திரும்பக் கேட்டார். “கேள்வி கேட்கப்பட்டிருக்கிறது. சரி. பதில் கிடைத்திருக்கிறது. அதுவும் சரி.” பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். “விமான நிலையத்துக்கு வந்து, எங்கேயும் போகவில்லை என்று சொன்ன ஆள் இதுவரை நீர் ஒருவர்தான்.”

அறைக்குள் கொண்டுபோனார்கள். அதே கதிரை. தேத்தண்ணி இல்லை.

“எல்லோரும் எங்கேயோ போகிறார்கள். நீர் மட்டும் ஏன் போகவில்லை?”

“என்னட்ட பாஸ்போட் இல்ல சேர்.”

“கடவுச்சீட்டு இல்லாமல் எவ்வளவு காலமாக விமான நிலையத்துக்குள் நடமாடுகிறீர்?”

“திறந்த நாளிலயிருந்து சேர்.”

அவர் இதை அடிக்கோடிட்டு எழுதினார். கோட்டைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன்.

“உம்முடைய பதிலில்தான் அந்தப் பயணி உள்ளே போயிருக்கிறார்,” என்றார். “எங்கேயும் போகவில்லை என்று சொல்லியிருக்கிறீர். அது பொய்யானால் அவரைத் திருப்பி அழைப்போம். கதிரையை விட்டு எழும்பினாலும் போவதாகத்தான் கருதப்படும். சந்தேக நபரைத் தனியே விடக் கூடாது என்றொரு விதி இருக்கிறது. நான் எழுதியது. ஆகவே நானும் இங்கேதான் இருப்பேன்.”

இருந்தேன். மழையால் விமானம் தாமதம் என்று ஒலிபெருக்கி சொன்னது. கால் விறைத்தது. நுளம்பு கடித்தது, அடிக்கவில்லை, அடித்தால் அதையும் என்னவென்று எழுதுவார்களோ. இன்ஷிரா மிஸ் ஒரு கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்தா. குடித்தால் ஒன்றுக்குப் போக வேண்டி வரும். வேண்டாம் என்றேன். பணிப்பாளர் அதையும் எழுதினார்.

“புஸ்பம் அக்கா வெளியில நனைஞ்சிக்கிட்டு நிக்கிறா அண்ணன்,” என்று மிஸ் தாழ்ந்த குரலில் சொன்னா. “என்ன சொல்ல?”

“புள்ள உள்ள போயிற்றாள் எண்டு சொல்லுங்க மிஸ். ஆரும் கேக்கல்ல எண்டும் சொல்லுங்க.”

அவ போனா. திரும்பி வந்து கதவடியில் நின்று தலையாட்டினா. அதற்குப் பிறகு எனக்குக் கால் விறைத்தது அவ்வளவாகத் தெரியவில்லை.

வாவிப் பக்கம் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தபோது, யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இரைச்சல் கூரைக்கு மேலால் ஏறி, கடலுக்கு மேலே போய்ச் சிறுத்தது. மிஸ் எட்டிப் பார்த்தா. “எழும்பிற்று அண்ணன்.”

பணிப்பாளர் பேனையை மூடினார். எழும்பி ஆணியில் கிடந்த குடையை எடுத்தார்.

“விமானம் போய்விட்டது. உம்முடைய பதில் உண்மை என்று எழுதிக்கொள்கிறேன். நீர் போகலாம்.”

நான் எழும்பவில்லை.

“போகலாம் என்று சொல்கிறேன்.”

“இன்னும் இறங்கல்ல சேர்,” என்றேன்.

என்னைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். விதியை எழுதியவர் அவர்தான். கட்டாருக்கு எவ்வளவு நேரம் என்று இன்ஷிரா மிஸ்ஸிடம் கேட்டார், அவ சொன்னா. பிறகு குடையை ஆணியில் திரும்ப மாட்டிவிட்டு, எனக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.